ஹம்பக்கர் பிக்கப் மாற்றினால் கிட்டார் சத்தம் மாறுமா? ‘கிலோ ஓம்’ எண்ணை நம்பி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று வருடத்துக்கு முன்னால், போனஸ் வந்த வாரத்தில் நான் செய்த முதல் செலவு என் எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பை மாற்றியதுதான். வார இறுதியில் நண்பர்களோடு வாசிக்கும் பெங்களூரு ஜாம் ரூமில், என் கிட்டார் மட்டும் போர்வை போர்த்திய மாதிரி மந்தமாகக் கேட்கும். டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. “பிக்கப் வீக்கா இருக்கு, கிலோ ஓம் அதிகமா இருக்கிறதா பார்த்துப் போடு” என்றார்கள். சுமார் 8 கிலோ ஓம் இருந்த ஹம்பக்கரைக் கழற்றி விற்றுவிட்டு, 16 கிலோ ஓம் போட்ட ஒன்றை வாங்கினேன்.

சத்தம் கூடியது. கூடவே மந்தமும் கூடியது.

சில வாரம் கழித்து, அங்கே சவுண்ட் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் என் 6 மீட்டர் கேபிளை உருவிவிட்டு, 3 மீட்டர் கேபிளைச் செருகினார். சட்டென்று கிட்டார் தெளிந்தது. அப்படியானால் நான் செலவு செய்தது எதற்கு? அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஹம்பக்கர் என்றால் என்ன?

கிட்டார் பிக்கப் என்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். மேலே இருக்கும் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது.

பிரச்சினை என்னவென்றால், அந்தச் சுருள் தந்தியின் அதிர்வோடு சேர்த்து வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும் ‘ம்ம்ம்…’ அதுதான்.

இதற்கு கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் கண்ட வழி, இரண்டு சுருள்கள். சுருள்களின் இணைப்பும் காந்தத் துருவங்களும் எதிரெதிராக அமைவதால், இரண்டும் பிடிக்கும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் சிக்னல் மட்டும் ஒன்றோடொன்று கூடும். ‘ஹம்’மை எதிர்ப்பதால் ஹம்பக்கர். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த பிக்கப்களைத்தான் இன்றைக்கும் ‘பிஏஎஃப்’ என்று பெயர் சொல்லித் தேடுகிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கால பிஏஎஃப்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்ததில்லை. ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது பொதுக் கணக்கு; ஆனால் சுற்று எண்ணிக்கை பிக்கப்புக்குப் பிக்கப் மாறியது. அல்னிகோ காந்தத்திலும் கையில் கிடைத்த ரகத்தைப் போட்டார்கள். அதனால் 7 முதல் 9 கிலோ ஓம் வரை எல்லா எண்ணிலும் அசல் பிஏஎஃப் உண்டு. ‘அசல் விண்டேஜ் டோன்’ என்று ஒரே ஒரு சத்தம் எப்போதுமே இருந்ததில்லை.

கிலோ ஓம் எண் எதைச் சொல்கிறது?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் கிலோ ஓம், கம்பிச் சுருளின் டிசி ரெசிஸ்டன்ஸ். மல்டிமீட்டரில் யார் வேண்டுமானாலும் அளக்கலாம் என்பதால்தான் அது இவ்வளவு பிரபலம். கம்பி நீளமானால் எண் கூடும், அது சரி. ஆனால் கம்பி மெல்லியதானாலும் கூடும்.

பழைய பாணி ஹம்பக்கர்களில் வழக்கமாக இருப்பது 42 கேஜ் கம்பி. சத்தம் அதிகம் தரும் பல மாடல்களில் அதைவிட மெல்லிய 44 கேஜ். ஒரே நீளத்துக்கு 44 கேஜின் ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு. ஆகவே 8-லிருந்து 16 என்றால் சுற்றும் இரண்டு மடங்கு, சத்தமும் இரண்டு மடங்கு என்று அர்த்தமில்லை.

வெயிலுக்குக்கூட இந்த எண் மாறும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39% கூடுகிறது. 20 டிகிரி ஏசி அறையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், 35 டிகிரியில் கிட்டத்தட்ட 8.5 காட்டும். அதற்காக மே மாதம் மட்டும் கிட்டார் ‘ஹாட்’ ஆகிவிடுவதில்லை.

இன்னொரு உதாரணம் சேத் லவரே. 1967-ல் ஃபெண்டர் நிறுவனத்துக்கு மாறிய அவர், அங்கே ‘வைட் ரேஞ்ச்’ என்ற ஹம்பக்கரை வடிவமைத்தார். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 கிலோ ஓம், பிஏஎஃப்பைவிட அதிகம். எண்ணை மட்டும் பார்த்தால் மந்தமாக இருக்க வேண்டும். ஆனால் அது ஃபெண்டருக்கே உரிய பளிச்சென்ற சத்தத்துக்காகச் செய்யப்பட்டது. காந்தமும் உள்ளமைப்பும் வேறு.

அப்போ டோனை முடிவு செய்வது எது?

சுருளுக்கு இண்டக்டன்ஸ் என்று ஒரு குணம் உண்டு; அளவு ஹென்றி. கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் உண்டு, அளவு பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபில்டர் ஆகிவிடும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சத்தம் சற்றுத் தூக்கலாகக் கேட்கும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் வேகமாகக் குறைந்துபோகும். அந்த இடத்தின் பெயர் ரெசனன்ஸ். அது மேலே இருந்தால் ‘பளிச்’, கீழே இறங்கினால் ‘மந்தம்’.

என் கதையையே கணக்காகப் போட்டேன். பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.5 ஹென்றி, ஹாட் ஹம்பக்கருக்கு 8 ஹென்றி, கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட், பிக்கப்புக்கும் கிட்டார் உள்வயருக்கும் சேர்த்து 200 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால்:

• பழைய பிக்கப் + 6 மீட்டர் கேபிள்: சுமார் 2,650 ஹெர்ட்ஸ் (நான் ஆரம்பித்த இடம்)
• ஹாட் பிக்கப் + 6 மீட்டர் கேபிள்: சுமார் 2,000 ஹெர்ட்ஸ் (காசு செலவழித்து வந்த இடம்)
• ஹாட் பிக்கப் + 3 மீட்டர் கேபிள்: சுமார் 2,500 ஹெர்ட்ஸ் (அண்ணன் கேபிள் மாற்றிய பிறகு)
• பழைய பிக்கப் + 3 மீட்டர் கேபிள்: சுமார் 3,350 ஹெர்ட்ஸ் (நான் முயற்சியே செய்யாதது)

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் பாருங்கள். பிக்கப்பையும் கேபிளையும் மாற்றிய பிறகும், தெளிவில் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன். கூடியது சத்தம் மட்டும். எனக்குத் தேவைப்பட்டது நான்காவது வரி. அதற்குப் பிக்கப்பைத் தொடவே வேண்டாம்.

இவை என் கிட்டாரை அளந்து எடுத்த எண்கள் இல்லை, வழக்கமான மதிப்புகளை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் பிக்கப்புக்கும் கேபிளுக்கும் எண்கள் மாறும். ஆனால் எந்தத் திசையில் போகும் என்பது மாறாது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கிட்டாருக்கு அடுத்து பஃபர் உள்ள பெடல் இருந்தால், அதற்குப் பின்னால் வரும் கேபிளின் நீளம் பிக்கப்பைப் பெரிதாகப் பாதிக்காது. ஈஎம்ஜி 81 மாதிரி 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்களுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருப்பதால், அவற்றுக்கும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அல்னிகோவா, செராமிக்கா?

அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றையும் இரும்போடு சேர்த்த கலவை. அல்னிகோ 2-ஐவிட 5 பலமானது. செராமிக் காந்தம் பொதுவாக இன்னும் பலம். 1970-களின் தொடக்கத்தில் வந்த டிமார்சியோவின் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ செராமிக்கை வைத்துத்தான் ஆம்பை முன்கூட்டியே கதறவைத்தது.

‘அல்னிகோ 2 மென்மை, 5 கூர்மை, செராமிக் கடினம்’ என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது காந்தம் மட்டும் மாறுவதில்லை. சுற்று, கம்பி, மேல்மூடி எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. கேட்கும் வித்தியாசம் முழுவதையும் காந்தத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

யூடியூபில் கேட்டால் வித்தியாசம் தெரிகிறதே?

தெரியும். ஆனால் எதன் வித்தியாசம்? கொஞ்சம் சத்தமாகக் கேட்பது நம் காதுக்குத் ‘தரமாக’க் கேட்கும். ஹாட் பிக்கப் இயல்பிலேயே சத்தம் அதிகம். வால்யூமைச் சமன் செய்யாத ஒப்பீட்டில் அது பாதி ஜெயித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். அதுபோக, பிக்கப்பை மாற்றித் திரும்ப வாசிக்கும்போது கையின் அழுத்தமும் கொஞ்சம் மாறியிருக்கும்.

நண்பர்கள் யாரிடமாவது வேறு வேறு ஹம்பக்கர் உள்ள கிட்டார் இருந்தால், ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டையும் ரெக்கார்ட் செய்து, வால்யூமைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் 10 முறை கேட்டுச் சொல்லுங்கள். 6 சரியென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, காசு சுண்டினாலே அது வந்துவிடும். வெறும் ஊகத்தில் 8 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு சுமார் 5.5%. 9 அல்லது 10 வர சுமார் 1% தான். நீங்கள் 9 வாங்கினால் உங்கள் காது நிஜமாகவே எதையோ பிடித்திருக்கிறது. கிளீன் டோனில் ஒருமுறை, டிஸ்டார்ஷன் போட்டு ஒருமுறை செய்யுங்கள். டிஸ்டார்ஷன் ஏற ஏறப் பல சின்ன வித்தியாசங்கள் அமுங்கிவிடுவதைக் கவனிப்பீர்கள்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

பிராண்டட் ஹம்பக்கர் ஒரு ஜோடி வாங்கினால் ஐந்து இலக்கத்தில் வந்து நிற்கும். அதற்கு முன், செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக:

1. உயரம்: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை 2 மில்லிமீட்டர் சுற்றி வைத்து ஆரம்பியுங்கள். பக்கவாட்டு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினாலே சத்தம் மாறும். ரொம்ப நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, நோட் சீக்கிரம் அணைந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

2. தந்தி: பழைய தந்தி எந்தப் பிக்கப்பையும் மந்தமாக்கும்.

3. கேபிள்: 3 மீட்டர் போதுமென்றால் 6 மீட்டர் எதற்கு?

4. வால்யூம் பாட்: ஹம்பக்கருக்கு வழக்கம் 500 கிலோ ஓம். 250 போட்டிருந்தால் பளிச்சென்ற பகுதி குறையும்.

5. பிக்கப்: மேலே உள்ள நான்கையும் பார்த்த பிறகும் குறை இருந்தால் மாற்றுங்கள். அப்போது கிலோ ஓமோடு நிறுத்தாமல், எத்தனை ஹென்றி என்று கேளுங்கள். பட்டியலில் அந்த எண்ணைக் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தெளிவு வேண்டுமென்றால் 4–5, ஆம்பை முட்டித்தள்ள வேண்டுமென்றால் 7–8 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கழற்றிய பிக்கப்பை உடனே விற்காதீர்கள்.

நான் விற்ற அந்த 8 கிலோ ஓம் பிக்கப் திரும்பக் கிடைக்கவில்லை. அதே மாடலைப் போன வருடம் திரும்ப வாங்கிப் போட்டேன், 3 மீட்டர் கேபிளோடு. இப்போது டிரம்ஸ் ஆரம்பித்தாலும் நான் வாசிப்பது எனக்குக் கேட்கிறது. தப்பாக வாசித்தால் எல்லோருக்கும் கேட்கிறது.