மழைக்காலச் சைக்கிளும் ஹப் கியரும்

உழவருக்கு ஏர் எவ்வாறோ, நெசவாளருக்குத் தறி எவ்வாறோ, அவ்வாறே இருவருக்கும் சைக்கிளும் ஒரு தொழிற்கருவியாகும். விளைந்த பூவும் கீரையும் விடியுமுன் சந்தை சேர வேண்டும். நெய்த துணி நனையாமல் சங்கத்தை அடைய வேண்டும். நூலும் நனையாமல் வீடு திரும்ப வேண்டும். வெயில் நாட்களில் எந்தச் சைக்கிளும் இவ்வேலையைச் செய்துவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரையுள்ள மழை நாட்களிலேதான் அதன் தராதரம் விளங்குகிறது. குளிர்நாடுகளில் சைக்கிளுக்குப் பகை பனியும், பாதையில் தூவும் உப்பும் ஆகும். நம் பகுதியில் தேங்கிய நீரும் மணலும் சேறுமே பகை. ஆதலால் அங்கத்தினர்கள் புதிய சைக்கிள் வாங்க எண்ணும்போது ஆராய வேண்டியவற்றை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஏரிகள் சூழ்ந்த சமநிலப் பகுதிகள். நிலம் மட்டமாக இருப்பதால் நீர் விரைந்து வடிவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பெருவெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் தெருவோரச் சேறும் பள்ளத்து நீரும் தவறுவதில்லை.

கியர் இருவகை

கடைகளில் இன்று காணும் கியர்ச் சைக்கிள்களில் பெரும்பாலானவை டிரெய்லர் வகையைச் சார்ந்தவை. பின்சக்கரத்தின் பக்கத்தில் சிறிதும் பெரிதுமான பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவி கீழே தொங்கிக்கொண்டிருக்கும். இதன் பாகங்கள் எளிதிற் கிடைக்கும். பழுது பார்ப்போரும் உண்டு. ஆயினும் அனைத்தும் வெளியே திறந்து கிடப்பதால், மணல் கலந்த சேறு செயினிலும் பற்களிலும் அரம்போல் அராவுகிறது. குப்பையும் நெகிழிப் பையும் சிக்கிக்கொண்டால் தொங்கும் கருவியே வளைந்துவிடக்கூடும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்கிறோம். சைக்கிளில் அதற்கு ஹப் என்று பெயர். ஹப் கியர் என்பது பற்கள் யாவும் இக்குடத்தினுள்ளேயே அடங்கிய அமைப்பாகும். வெளியே தெரிவது ஒரே பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் ஓடும் செயினுமே. செயின் பக்கவாட்டில் நகராதபடியால் அதை முழுவதும் மூடும் செயின் கவரைப் பூட்டலாம். மழை மிகுந்த நெதர்லாந்து நாட்டில் அன்றாட வேலைக்குச் செல்வோர் இவ்வகையை விரும்புவதற்கு இதுவே காரணம்.

குடத்தினுள் நடப்பது என்ன?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1902-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் மூன்று கியர் ஹப்பை உலகெங்கும் பரப்பியது. 2000-ஆம் ஆண்டில் இத்தொழில் தைவானைச் சேர்ந்த சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பழைய ஏ.டபிள்யூ. என்னும் ஹப்பைக் கொண்டு இயக்கத்தை விளக்குவோம்.

அச்சின்மீது அசையாமல் நிற்கும் 20 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றுண்டு. அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி 20 பற்களுள்ள சிறு சக்கரங்கள் கோள்களைப்போல் ஒரு கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றை வெளிப்புறமாக 60 உட்பற்கள் கொண்ட வளையம் சூழ்ந்திருக்கும். செயின் வளையத்தைச் சுழற்றி, கோள்களின் கூடு சக்கரத்தை இழுக்குமாயின், செயினுடைய ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றே சுற்றும், மிதிப்பது இலகுவாகும். செயின் கூட்டைச் சுழற்றி, வளையம் சக்கரத்தை இழுக்குமாயின், சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல், அதாவது 1.33 சுற்று சுற்றும், வேகம் கூடும். நடுக் கியரில் செயினும் சக்கரமும் சமமாகச் சுற்றும். நடுக் கியரில் பற்களின் வழியே வலு செல்லாததால் உராய்வு நஷ்டமும் குறைவு. ஆகவே நாள்தோறும் அதிகம் பயன்படும் வேகம் நடுக் கியரில் அமையுமாறு பல்சக்கரத்தைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை.

எத்தனை கியர் வேண்டும்?

கியர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. மேற்கூறிய மூன்று கியர் ஹப்பில், மிக உயர்ந்த கியர் மிகத் தாழ்ந்த கியரைப்போல் 1.78 மடங்கு. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்து எட்டுக் கியர் நெக்ஸஸில் இது 3.07 மடங்கு. ஜெர்மனியின் ரோலாஃப் 14 கியர் ஹப்பில் 5.26 மடங்கு. மலைச்சரிவுகளில் ஏறுவோர்க்கு இவை உதவும். நமது பகுதியிலோ ஏற்றம் என்பது மேம்பாலமும் ஏரிக்கரையுமே. அதற்கு மூன்று கியர் போதும். ஹப்பினுள் பாகங்கள் குறையக் குறையப் பழுதும் செலவும் குறையும்.

கணக்கொன்று பார்ப்போம். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.07 மீட்டர் செல்லும். முன்னே 44 பற்கள், பின்னே 18 பற்கள் இருந்தால், நடுக் கியரில் ஒரு மிதிச்சுற்றுக்கு 5 மீட்டர் செல்லலாம். சுமையோடு சேற்றில் மிதிப்போர்க்கு இது கடினம். பின்னே 22 பற்கள் வைத்தால் நடுக் கியரில் 4.1 மீட்டர், தாழ்ந்த கியரில் 3.1 மீட்டர், உயர்ந்த கியரில் 5.5 மீட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவர் நடுக் கியரில் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்வார். சந்தைக்குச் செல்ல இவ்வேகம் சாலும். ஆனால் பின் பற்களை மிகைப்படுத்தினால் ஹப்பின் உட்பற்களுக்குப் பளு ஏறும். தயாரிப்பாளர் குறித்த வரம்பை மீறலாகாது.

வண்டியின் மற்ற அங்கங்கள்

மலைச் சைக்கிளின் சட்டம் நமக்கு நன்மை தருவது இரண்டு காரணங்களால்: அகன்ற டயரும், டயருக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள தாராளமான இடைவெளியும். 1.75 அங்குலம் முதல் 2 அங்குலம் வரையுள்ள டயரும், அதன்மேல் சேறு அடைக்காதபடி விலகி நிற்கும் முழு மட்கார்டும் இருத்தல் வேண்டும். முன்புற ஸ்பிரிங் போர்க் நம் சாலைக்கு இன்றியமையாததன்று. அதனுள் நீரும் மணலும் புகுவது மற்றொரு தொல்லை. கனத்த கேரியர் பூட்டுவதற்குரிய துளைகள் சட்டத்தில் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள சைக்கிளில் ஹப் கியர் பூட்ட எண்ணுவோர், பின்சக்கர அச்சு அமரும் பிளவு நீளவாக்கில் உள்ளதா என்று கவனிக்க வேண்டும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்க அதுவே வழி. அவ்விடம் இல்லையேல் செயினை இறுக்கத் தனிக் கருவி வேண்டும். பின்சட்டத்தின் அகலமும் ஹப்பின் அகலமும் ஒத்திருத்தல் அவசியம்; அலுமினியச் சட்டத்தை வளைத்துப் பொருத்த முயல்வது ஆபத்து.

பிரேக்கைப் பற்றி அலட்சியம் கூடாது. முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால், ரப்பர் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினிய ரிம் அதனினும் மேல். ஹப்பினுள் அடங்கிய டிரம் பிரேக் மழைக்கு மிகவும் ஏற்றது. மூன்று கியரும் டிரம் பிரேக்கும் ஒரே குடத்தில் அமைந்த வகையும் உண்டு.

பாதுகாப்பு முறை

ஹப் மூடியதாயினும் நீர் புகாத பாத்திரமன்று என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம். 26 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 13 அங்குல உயரத்தில் உள்ளது. பெடல் அச்சு அதற்கும் சற்றுத் தாழ்வு. ஆகவே தேங்கிய நீர் ஓரடியை எட்டினால் திரும்பிவிடுவதே நலம். வெயிலிலோ ஓட்டத்திலோ சூடான குடம் நீரில் திடீரெனக் குளிர்ந்தால், உள்ளேயுள்ள காற்று சுருங்கி அழுக்கு நீரை உறிஞ்சும். அத்துடன் நீருக்கடியில் திறந்த சாக்கடையும் மின்கம்பியும் கிடக்கலாம்; உயிரினும் சரக்கு பெரிதன்று. தவிர்க்க முடியாமல் ஹப் மூழ்கிவிட்டால், தாமதியாது பிரித்துத் துடைத்து மீண்டும் மசகிட வேண்டும். நாட்களைக் கடத்தினால் துரு ஏறும்.

எண்ணெய்த் துளை உள்ள பழைய ஹப்பில் மாதந்தோறும் சில சொட்டு மெல்லிய இயந்திர எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பற்களை ஒட்டச் செய்யுமாதலால் அதை விலக்குக. துளையில்லாத புதிய ஹப்புகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன கிரீசே உரியது. கியர் மாற்றும் கணத்தில் மிதிப்பதைச் சற்று நிறுத்த வேண்டும். பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் கம்பி தளர்ந்திருந்தால் நடுக் கியருக்கும் உயர்ந்த கியருக்கும் இடையே எதுவும் பிடிக்காத நிலையொன்று நேரும். எழுந்து நின்று மிதிப்பவர் அப்போது விழ நேரிடும். கம்பியின் இழுவையை அடிக்கடி சரிபார்ப்பது சிறிய வேலையே.

வாங்குமுன்

தார்ச்சாலையில் நான்கைந்து கிலோமீட்டருக்குள் இலேசான சுமையோடு சென்று வருவோர்க்குக் கியரே தேவையில்லை. முழுச் செயின் கவருள்ள சாதாரணச் சைக்கிள் போதும். நெடுந்தொலைவு செல்வோரும், பெருஞ்சுமை ஏற்றுவோரும், வயல் வழியே வருவோருமே ஹப் கியரை நாடலாம். அவர்கள் விலை கேட்கும்போதே உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். இவ்வகை ஹப் நம் கடைகளில் அரிதாகவே கிடைப்பதால் இக்கேள்வி முக்கியமானது.

1949-ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது அம்பத்தூரிலேதான். சைக்கிள் தொழில் வேரூன்றிய மண்ணில் ஹப்பைப் பிரிக்கக் கற்பது எட்டாத வித்தையன்று. தனியொருவர் வாங்கினால் உதிரிப் பாகத்துக்கு அலைய நேரும். அங்கத்தினர் ஐவரோ பதின்மரோ ஒரே வகை ஹப்பைத் தேர்ந்து வாங்கினால், சங்கத்தில் ஒரு மாற்று ஹப்பும் கம்பியும் மசகும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் ஒருவரை அதற்குப் பழக்கவும் இயலும். மழை மூன்று மாதமும் வருமானம் தடைப்படாதிருக்கச் சைக்கிளைத் தெரிந்து வாங்குவது பாதி வழி. அதைக் கூடிப் பேணுவது மீதிப் பாதி.