காற்றடைத்த சுவரில் டி.வி. மாட்டுவது எப்படி?

1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அக்காலத்து டி.வி. பெட்டி, மேசை மீதோ நான்கு கால்களின் மீதோ நின்றது. அதன் பாரத்தைத் தரை தாங்கியது. சுவருக்கு அதில் வேலையே இல்லை. இன்று படக்குழாய் மறைந்து தட்டைத் திரை வந்துவிட்டது. எடை குறைந்திருக்கிறது. ஆனால் அந்த எடை தரையை விட்டுச் சுவருக்கு மாறிவிட்டது.

இதற்கிடையே சுவரும் மாறிவிட்டது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய தடித்த சுவர்களைக் காணலாம். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இன்று எழும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களுமே பாரத்தைச் சுமக்கின்றன. நடுவிலுள்ள சுவர் வெறும் அடைப்புதான். அதற்கு ஏ.ஏ.சி. பிளாக் எனப்படும் இலேசான கான்கிரீட் கல்லை அடுக்குகிறார்கள். செங்கல் சுவருக்குப் பழகிய ஆணியை இந்தச் சுவரில் அடித்தால் என்ன ஆகும்? டி.வி.க்குக் கீழே குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் வீட்டில் இது சாதாரணக் கேள்வி அன்று.

மாவு போலப் பொங்கிய கல்

இக்கல்லைச் செய்யும் முறையை 1920-களில் கண்டவர் ஸ்வீடன் நாட்டின் யோஹான் ஆக்ஸல் எரிக்ஸன். நன்கு அரைத்த மணல் அல்லது அனல் மின் நிலையச் சாம்பலுடன் சுண்ணாம்பு, சிமென்ட், தண்ணீர் சேர்த்துக் குழைப்பார்கள். அதில் சிறிதளவு அலுமினியத் தூளைத் தூவுவார்கள். அலுமினியமும் சுண்ணாம்பும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். புளித்த இட்லி மாவு பொங்குவது போல் குழம்பு பொங்கும். சற்று இறுகியதும் கல்லாக அறுத்து, அழுத்தமுள்ள நீராவியில் சுமார் 190 டிகிரி சென்டிகிரேடில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். ஹைட்ரஜன் வெளியேறி, அவ்விடத்தில் காற்று நிறையும்.

சாதாரண கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ; இக்கல்லின் எடை சுமார் 600 கிலோ. அதாவது, கல்லின் பருமனில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெற்றிடமே. கட்டடம் நடக்கும் இடத்தில் உடைந்த துண்டு ஒன்றை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும்!

இலேசுக்கு ஒரு விலை உண்டு. சாதாரண வீட்டுக் கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனுக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கும். இக்கல் தாங்குவது 3 முதல் 4 நியூட்டன் வரையே.

இறுக்க இறுக்கத் தளரும் ஆணி

முன்பெல்லாம் தச்சர்கள் சுவரில் குழி தோண்டி மரக்கட்டையை அடித்திறக்கி, அதில் திருகாணியை முடுக்குவார்கள். 1911-இல் இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் இதற்கு மாற்றாக ஓர் அடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். நம் கடைகளில் இன்றும் வழங்கும் ‘ரால் பிளக்’ என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததே. 1958-இல் ஜெர்மானியர் ஆர்ட்டுர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கண்டுபிடித்தார்.

இவற்றின் தத்துவம் ஒன்றே. திருகாணி நுழையும்போது பிளக் விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துகிறது. சுவர் திருப்பி அழுத்துகிறது. இவ்வழுத்தத்தால் எழும் உராய்வே ஆணியைப் பிடித்து வைக்கிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் திருப்பி அழுத்தும் வலிமை உடையவை. காற்றறைகள் நிறைந்த கல்லோ நொறுங்கிப் பொடியாகும். அழுத்தம் போனால் உராய்வும் போகும். எஃகினால் ஆன விரியும் ஆங்கர் போல்ட்டை இக்கல்லில் இறுக்க இறுக்கத் துளைதான் பெரிதாகும்.

எவ்வளவு இழுவிசை?

டி.வி.யின் எடை 15 கிலோ என்று கொள்வோம். மேல் ஆணிகளுக்கும் தகட்டின் கீழ் விளிம்புக்கும் இடையே 20 செ.மீ. இருக்கட்டும். டி.வி. சுவரை ஒட்டி 5 செ.மீ. தள்ளி நின்றால், மேல் ஆணிகளை வெளியே இழுக்கும் விசை 15 × 5 ÷ 20. அதாவது 4 கிலோவுக்கும் குறைவு. மடங்கும் கையில் மாட்டி 40 செ.மீ. வெளியே இழுத்தால் அதே விசை 30 கிலோ ஆகிவிடும். 20 கிலோ எடையுள்ள சிறுவன் அதில் தொங்கினால் இன்னும் 40 கிலோ சேரும். நெம்புகோலின் வேலை இது. ஆகவே இலேசான சுவருக்குச் சுவரை ஒட்டி நிற்கும் தகடே ஏற்றது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் சுவரைக் கண்டறிய வேண்டும். துளையிடும்போது சிவந்த தூள் வந்தால் செங்கல். டிரில் மெல்ல நகர்ந்து சாம்பல் நிறத் தூள் வந்தால் கான்கிரீட். எளிதாக உள்ளே இறங்கி வெளிறிய மாவு கொட்டினால் இலேசான கல்.

கான்கிரீட் தூண் வசதியான இடத்தில் இருந்தால் அதுவே மேல். இல்லையெனில் இக்கல்லுக்கென்றே செய்த நீண்ட நைலான் பிளக்கை வாங்க வேண்டும். அதன் உடலிலுள்ள சுருள் விளிம்புகள் கல்லைக் குடைந்து பற்றி, பாரத்தை நீளம் முழுதும் பகிர்ந்து கொள்ளும். மடங்கும் கையோ கனத்த திரையோ என்றால், துளையில் பிசினைச் செலுத்தி அதில் மரையுள்ள கம்பியைப் பதிக்கும் முறை நல்லது. பிசின் நுண்துளைகளில் ஊறிக் கல்லோடு ஒன்றாகும், பக்கங்களை அழுத்துவதில்லை. அது முழுதும் இறுகும்வரை பாரம் ஏற்றக்கூடாது.

துளையிடுகையில் டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிடுங்கள். அடி விழுந்தால் துளையின் ஓரம் உதிரும். தூளைத் துடைத்து ஊதி எடுங்கள். மேலேயுள்ள சிமென்ட் பூச்சைக் கணக்கில் சேர்க்காமல், கல்லுக்குள் பிளக் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உறையில் கான்கிரீட்டுக்கு ஓர் எடையும் இலேசான கல்லுக்கு வேறோர் எடையும் அச்சிட்டிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

முடுக்கும்போது திருகாணி பிடிப்பின்றிச் சுற்றினால் அந்தத் துளையை நம்ப வேண்டாம். சுவர் இன்னதென்று தெளிவாகத் தெரியாத வீட்டில், பழைய வழக்கப்படி மேசையே போதும். தரை என்றும் பாரம் தாங்கும்.