ஓஸ்தியாவின் சன்னலும் நம் திருப்பலிப் பீடமும்



நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள். அன்று மாலை குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். வெள்ளையடித்த கல்லறைகள்மேல் பூமாலைகளும் மெழுகுதிரிகளும் நிறைந்திருக்கின்றன. குருவானவர் தீர்த்தம் தெளித்தபடி ஒவ்வொரு வரிசையாகக் கடந்து போகிறார். அவர் போன பிறகும் சிலர் நகராமல் நிற்பார்கள். “அம்மா கண் மூடும்போது நான் வெளிநாட்டில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.” “அப்பாவோடு பல வருடம் பேசாமலேயே இருந்துவிட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.” எந்தப் பங்கிலும் நாம் கேட்கும் வார்த்தைகள் இவை. காலம் கடந்துவிட்டதே, இனி என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியோடுதான் இன்று இறைவார்த்தையை அணுகுகிறோம்.

இந்த வேதனையில் சிலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். இறந்தவரைப் பேச வைப்பதாகச் சொல்பவர்களிடமும் குறி சொல்பவர்களிடமும் ஓடுகிறார்கள். அரசர் சவுலும் இப்படித்தான் ஏந்தோருக்கு இரவில் வேடமிட்டுப் போனார் (1 சாமு 28). அங்கே அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, நடுக்கமே மிஞ்சியது. திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2116) இத்தகைய வழிகளை விலக்கச் சொல்கிறது. மறைந்திருப்பதை நம் கைக்குள் கொண்டுவரத் துடிப்பது நம்பிக்கை ஆகாது. அப்படியானால் இடத்தையும் காலத்தையும் கடந்ததை நாம் உணரவே முடியாதா? முடியும். அதற்கு ஒரு தாயும் மகனும் சாட்சி.

புனித அகுஸ்தீன் இளவயதில் தம் தாய் மோனிக்காவை ஏமாற்றியவர். கார்த்தேஜ் துறைமுகத்தில், நண்பர் ஒருவரை வழியனுப்பப் போவதாகப் பொய் சொன்னார். தாய் அருகிலிருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் கண்ணீரோடு செபித்துக்கொண்டிருந்த அந்த இரவிலேயே கப்பலேறி உரோமைக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தபோது மகன் இல்லை. ஆனாலும் அந்தத் தாய் கடல் கடந்து மகனைத் தேடிச் சென்றார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது மிலான் நகரில் ஆயர் புனித அம்புரோஸ் கையால் மகன் திருமுழுக்குப் பெற்றதைக் கண்ணாரக் கண்டார்.

அதே ஆண்டு இருவரும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் தங்கினார்கள். ஒருநாள் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்த சன்னலில் சாய்ந்தபடி, புனிதர்கள் பெறும் நிலைவாழ்வு எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மண்ணையும் விண்மீன்களையும் கடந்து, தங்கள் மனங்களையும் கடந்து பேச்சு ஏறிக்கொண்டே போனது. நேற்று, நாளை என்பது இல்லாத இறைஞானத்தை ஒரே ஒரு நொடி நெஞ்சம் தொட்டது. பிறகு பெருமூச்சோடு மனிதப் பேச்சுக்குத் திரும்பினோம் என்று அகுஸ்தீன் பின்னர் எழுதினார். கனவோ மந்திரமோ அங்கு இல்லை. ஒரு தாயும் மகனும் கடவுளைப் பற்றி அன்போடு பேசினார்கள், அவ்வளவுதான்.

சில நாள்களில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். அந்நிய மண்ணில் சாக வேண்டாமே என்று இன்னொரு மகன் வருந்தினார். தாயோ, என் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள். எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்னும் பொருளில் பதில் சொன்னார். 56ஆம் வயதில் இறந்தார். அப்போது அகுஸ்தீனுக்கு 33ஆம் வயது நடந்துகொண்டிருந்தது.

சொந்த ஊரை நினைத்தே உயிர்விடும் நமக்கு இது வியப்பாக இருக்கிறது. ஆனால் கடவுளுக்கு எந்த இடமும் தூரமில்லை என்பதை அந்தத் தாய் சன்னலருகே கண்டுகொண்டார்.

காலத்தைப் பற்றியும் அகுஸ்தீன் எளிமையாக விளக்குகிறார். நமக்குத் தெரிந்த ஒரு பாடலைப் பாடத் தொடங்குகிறோம். பாடி முடித்த அடிகள் நினைவில் இருக்கின்றன. பாடப்போகும் அடிகள் எதிர்பார்ப்பில் இருக்கின்றன. ஓர் அசை மட்டுமே நாவில் இருக்கிறது. நம் வாழ்க்கையும் இப்படித்தான் துண்டு துண்டாக ஓடுகிறது. கடவுள் அப்படி அறிவதில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு இன்னோர் உவமை தருகிறார். சாலையில் நடப்பவருக்குத் தமக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரிவதில்லை. உயரத்தில் நின்று பார்ப்பவருக்கோ சாலை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது.

அன்பர்களே, அம்மா கண் மூடிய அந்த இரவும், நாம் அழுது செபிக்கும் இந்த மாலையும் கடவுளின் ஒரே பார்வையில் இருக்கின்றன. நம் செபம் நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடாது. விட்ட தவறு தவறுதான். ஆனால் நம் செபம் கடவுளுக்குத் தாமதமாக வந்து சேர்வதில்லை. நாம் அருகில் இல்லாத அந்த நேரத்தில் அவர் அருகில் இருந்தார். இன்று நாம் கேட்கப்போவதையும் அன்றே அறிந்திருந்தார்.

இதை நாம் உணரும் இடம் திருப்பலி. கிறிஸ்துவின் பாஸ்கா நிகழ்வு கடந்த காலத்தில் மட்டும் நின்றுவிடுவதில்லை, அது எல்லாக் காலங்களிலும் உடனிருக்கிறது என்று மறைக்கல்வி (எண் 1085) கற்பிக்கிறது. அதனால்தான் நாம் வானதூதர்களோடு ‘தூயவர்’ பாடுகிறோம். அதனால்தான் நற்கருணை மன்றாட்டில் இறந்தோரை நினைவுகூர்கிறோம். அகுஸ்தீன் தம் நூலில், இதை வாசிப்பவர்கள் என் தாய் மோனிக்காவையும் தந்தை பத்ரீசியுசையும் பீடத்தில் நினைக்கட்டும் என்று வேண்டியிருந்தார். அவர் எழுதி 1,600 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஆகஸ்ட் 27 அன்று உலகெங்கும் பீடங்களில் மோனிக்காவின் பெயர் ஒலிக்கிறது. தாயை ஏமாற்றிய மகனின் வேண்டுதல் வீணாகவில்லை; நம் வேண்டுதலும் வீணாகாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. உருமாற்ற மலையில், பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த மோசேயும் எலியாவும் இயேசுவோடு பேசிக்கொண்டிருப்பதைச் சீடர்கள் கண்டார்கள். பேதுரு அங்கேயே கூடாரம் அமைக்க விரும்பினார். ஆனால் மறுநாள் அவர்கள் கீழே இறங்கியபோது, நோயுற்ற மகனுக்காகக் கெஞ்சும் தகப்பன் ஒருவர் காத்திருந்தார் (லூக் 9:28-42). மேலே கண்ட ஒளி, கீழே துடிப்பவரிடம் நம்மை அனுப்பவேண்டும். இறந்த தாய்க்காகப் பூசைக்கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும் அண்ணனோடு பேசாமல் இருந்தால் நாம் இன்னும் எதையும் காணவில்லை.

ஆகவே இந்த ஞாயிறு திருப்பலியில், இறந்தோரை நினைவுகூரும் வேளையில், நம் நெஞ்சை உறுத்தும் அந்த ஒருவரின் பெயரை மனதுக்குள் சொல்வோம். கேட்க முடியாமல் போன மன்னிப்பை அங்கே கேட்போம். வீடு திரும்பியதும், உயிரோடு இருப்பவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேட்போம். அதற்கு நேரம் இன்னும் இருக்கிறது.

ஆண்டவரே, உம்மில் துயில்கொள்ளும் எம் அன்புக்குரியவர்களுக்கு முடிவில்லா ஒளியைத் தாரும். அவர்களுக்கு நாங்கள் செய்யத் தவறியதை மன்னித்து, எங்களோடு வாழ்பவர்களுக்கு அதைச் செய்யும் மனதைத் தாரும். ஆமென்.