ஆபரேஷனுக்குப் பின் புரதச் சத்து: அடுப்பங்கரையில் ஒரு கணக்கு

உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்வது இப்போது நம் ஊர்களிலும் நடக்கிற விஷயமாகிவிட்டது. சர்க்கரை வியாதி, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று பல தொல்லைகளோடு தவித்தவர்கள் டாக்டரின் யோசனைப்படி இதைச் செய்துகொள்கிறார்கள். கத்தி பிடிக்கிற வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் வேளாவேளைக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கவனிக்க வேண்டியது வீட்டிலிருக்கும் நாம்தான்.

என் நாத்தனாருக்கு 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் இந்த ஆபரேஷன் நடந்தது. முப்பத்தெட்டு வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். செப்டம்பர் தொடக்கத்தில் ஓய்வுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தபோது 22 கிலோ குறைந்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லாம், "அடையாளமே தெரியலையே!" என்று மெச்சினார்கள். ஆனால் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மாடிப்படி ஏறினால் கால் தள்ளாடியது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. "அண்ணி, எடை குறையுறது சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ஈரத்துணியைப் பிழியக்கூட கையில தெம்பு இல்லே" என்றாள்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தது. டாக்டரம்மா அவளிடம், "நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். அரை டம்ளர் காபி, ஒரு இட்லி, இளநீர், நாலு ஸ்பூன் ரசம் சாதம், ஒரு டம்ளர் நீர்மோர், ராத்திரி அரிசிக் கஞ்சி. அவ்வளவுதான். டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். மொத்தப் புரதம் பதினைந்து கிராம்கூடத் தேறவில்லை. அவளுக்கு வேண்டியதோ, நாளொன்றுக்குக் குறைந்தது அறுபது கிராம்!

வயிறு நிறைகிறதே, பின்னே ஏன் இந்தக் குறை என்று கேட்பீர்கள். இந்த ஆபரேஷனில் இரண்டு வகை அதிகம் செய்யப்படுகின்றன. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறக்குறைய முக்கால் பாகத்துக்கும் மேல், வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி நிற்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். 'ஸ்லீவ்' என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று 'பைபாஸ்'. அதில் இரைப்பையின் மேல்பாகத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பையில் ஆரம்பத்தில் இரண்டு மேஜைக்கரண்டி அளவுதான் கொள்ளும்.

ஆக, இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் கஞ்சியும் ரசமும் பிடித்துக்கொண்டால் சத்துக்கு இடமேது? உடம்போ அதிவேகமாக இளைத்துக்கொண்டிருக்கிறது. புரதம் போதாவிட்டால் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துவிடும். தெம்பு குறைவதும், புண் ஆறத் தாமதமாவதும், கால் வீங்குவதும் அதனால்தான். முடி விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லவேண்டும். ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஓரளவு முடி கொட்டுவது பலருக்கும் உண்டு. உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சியால் வருவது அது, மறுபடி முளைத்துவிடும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால்தான் அது அளவுக்கு மீறிப் போகும்.

எவ்வளவு புரதம் என்பதற்கு டாக்டர்கள் சொல்லும் கணக்கு, நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். அவரவர் உயரத்துக்கு ஏற்றபடி இது கூடும், குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டர் சொல்லும் அளவைத் தாண்டக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் சமையலில் எதில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று எழுதினால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். நூறு கிராம் சாதத்தில் இரண்டரை கிராம். ரசத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. "அதான் சாம்பார்ல பருப்பு இருக்கே" என்பார்கள். ஐந்து பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைக்கிறோம். அதில் இருப்பது 22 கிராம் புரதம். ஆளுக்கு நாலு கிராம்தான் வரும். அதையும் இவளால் முழுசாகக் குடிக்க முடியாதே!

இனி மறுபக்கம் பாருங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். வெந்த கோழிக்கறி 50 கிராமில் சுமார் 13 கிராம். அதே அளவு மீனில் 10 கிராமுக்குக் குறையாது. பனீர் 50 கிராமில் 9 கிராம். பால் 150 மில்லியில் 5 கிராம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேஜைக்கரண்டியில் இன்னொரு 5 கிராம். கடையில் 'மீல் மேக்கர்' என்று விற்கும் சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம். காய்ந்த உருண்டை 15 கிராம் எடுத்தால் 7 கிராம் கிடைத்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது, முட்டைகூட உள்ளே வராது. அத்தைக்கோ மகள் மேல் கவலை. "நான் பெத்த பொண்ணு, அவளுக்குத் தெம்பு வரணும். ஆனா பெருமாளுக்கு விட்ட விரதத்தை எப்படி உடைக்கிறது?" என்று கண் கலங்கினார். "உடைக்க வேண்டாம் அத்தை, சைவத்திலேயே பார்க்கலாம்" என்று சொல்லி, டாக்டரம்மாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பட்டியல் இது:

காலை 6.30: பால் 150 மில்லியில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேஜைக்கரண்டி கலந்து, சர்க்கரை இல்லாமல் (10 கிராம்).

காலை 8.30: 30 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து, இஞ்சி, சீரகம் சேர்த்து மெத்தென்று ஒரு சின்ன தோசை. தொட்டுக்கொள்ளப் பொட்டுக்கடலைச் சட்னி (9 கிராம்).

காலை 11: வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராம் (7 கிராம்).

பகல் 1: பனீர் 50 கிராம் உதிர்த்து வெங்காயம், தக்காளியோடு வதக்கியது. கூடவே கெட்டிப் பருப்பு இரண்டு ஸ்பூன் (12 கிராம்).

மாலை 4: கொண்டைக்கடலை 25 கிராம் குழைய வேகவைத்து மசித்தது (5 கிராம்).

மாலை 6: டாக்டர் எழுதிக்கொடுத்த புரோட்டீன் பவுடர் ஒரு அளவு, தண்ணீரில் (20 கிராம்).

இரவு 8: வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கிய சோயா உருண்டைக் குழம்போடு பிசைந்த சாதம் இரண்டு ஸ்பூன் (7 கிராம்).

கூட்டினால் 70 கிராம்! பவுடரை எடுத்துவிட்டால் 50-தான் நிற்கும். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பவுடர் வேண்டியிருக்கிறது. சாப்பிடும் அளவு கூடக்கூட அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பவுடர் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஒரு அளவுக்கு 20 கிராமுக்குமேல் புரதம் இருக்கவேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் ஊட்டச்சத்து பானங்கள் பலவற்றில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும்.

புரட்டாசி முடிந்ததும் காலை தோசைக்குப் பதில் ஒரு முட்டைப் பொரியல், பகலில் முள் நீக்கிய மீன் குழம்பு என்று மாற்றிக்கொண்டோம். கோழிக்கறியை அப்படியே கொடுத்தால் நார் நாராகி நெஞ்சில் அடைக்கும். கொத்துக்கறியாக்கிச் சாறோடு வேகவைத்துக் கொடுத்தால் சுகமாக இறங்கும்.

இந்தப் பட்டியல் மூன்றாம் மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு என்பதை மறக்காதீர்கள். ஆபரேஷன் ஆன புதிதில் தெளிந்த நீராகாரம், பிறகு பால் போன்ற திரவங்கள், பிறகு மசித்த உணவு, பிறகு மிருதுவான உணவு என்று படிப்படியாகத்தான் போகவேண்டும். வழக்கமான உணவுக்கு வர ஆறு, எட்டு வாரமாகும். எந்தப் படியில் எத்தனை நாள் என்பது ஆபரேஷன் செய்த டாக்டரின் முடிவு.

எந்தப் படியில் இருந்தாலும் சில பழக்கங்கள் பொதுவானவை. தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். அப்புறம் காய்கறி, கடைசியில் சாதம். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். போதும் என்று வயிறு சொன்னதும் அடுத்த வாய் கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரைமணி கழித்துத்தான். நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டராவது சேர்த்துவிட வேண்டும். சோடா, கலர் வேண்டாம். பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்புச் சாப்பிட்டால் சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வந்துவிடும்.

புரதம் மட்டும் போதாது. பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாமல், நடுவே இரண்டு மணி நேரம் விடவேண்டும். அத்தை பழைய காலண்டர் அட்டையில் நேரம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார்!

ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, எதுவுமே வயிற்றில் தங்காமல் போனாலோ, "நாளைக்குச் சரியாயிடும்" என்று இருந்துவிடக் கூடாது. பி-1 வைட்டமின் சீக்கிரமே தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதித்துவிடும். உடனே டாக்டரிடம் போகவேண்டும். இளம் தாய்மார்களுக்கு இன்னொரு விஷயம். ஆபரேஷன் ஆனபின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். ஆகவே எந்த முறை பொருந்தும் என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் நாத்தனார் தை மாதம் மறுபடி பரிசோதனைக்குப் போனபோது ஆல்புமின் சரியான அளவுக்கு வந்திருந்தது. கால் வீக்கம் வற்றிவிட்டது. நெற்றியோரம் குட்டை குட்டையாகப் புது முடி. இப்போது தன் வீட்டில் அவளே கணக்குப் போட்டுச் சமைத்துக்கொள்கிறாள். எடை இன்னும் நிதானமாகக் குறைகிறது, தெம்பு குறையவில்லை.

உறவுக்காரப் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால், "இதென்ன கோழி கொத்தற மாதிரி, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று உபசாரம் செய்யாதீர்கள். அந்த ஒரு கரண்டி சாதம் அவரைக் கொல்லைப்புறத்துக்கு ஓடவைத்துவிடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கெட்டிப் பருப்போ, முட்டையோ, கெட்டித் தயிரோ வைத்து, அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அரைமணி நேரத்தில் கிண்ணம் காலியாகிவிடும்.