மூன்றாவது விமானம் எங்கே?

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைக்கு அருகே உள்ளது கொடும்பாளூர். அறுபத்து மூவருள் ஒருவராகிய இடங்கழி நாயனார் அரசாண்ட பதி. அடியார்களுக்கு அமுதளிக்க வேறு வழியின்றி அரசரது நெற்களஞ்சியத்தில் களவு செய்தார் ஒரு சிவனடியார். அவரைத் தண்டிக்காமல், களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டவர் அந்நாயனார்.

இவ்வூரின் மூவர் கோயிலுக்கு வரும் அன்பர்களுக்கு முதலில் எழும் ஐயம் ஒன்று உண்டு: 'மூவர் கோயில் என்கிறார்கள், விமானங்கள் இரண்டுதானே நிற்கின்றன?'

விடை கோயிலிலேயே இருக்கிறது. இருக்குவேள் மரபினரான பூதி விக்கிரமகேசரி, தம் பெயரிலும், தேவியர் நங்கை கற்றளி, நங்கை வரகுணை ஆகியோர் பெயர்களிலும் மூன்று விமானங்களை எடுப்பித்தார். நடு விமானத்தின் தென்சுவரில் உள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்குப் பெரிய மடம் அளித்ததையும், ஐம்பது தவசியர்க்கு அமுதுபடி நடக்கப் பதினோரு ஊர்களை வழங்கியதையும் அதுவே கூறுகிறது. நாயனார் களஞ்சியம் திறந்த ஊரில் அன்னம்பாலிப்பு தொடர்ந்து வந்ததற்கு அது கல்லில் நிற்கும் சான்று.

ஆனால் அக்கல்வெட்டு வடமொழியில், கிரந்த எழுத்தில் உள்ளது. படிக்க வல்லவர் சிலரே. இங்குதான் விளக்கப் பலகையின் பணி தொடங்குகிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வாயிலில் காணும் நீலப் பலகை, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூறி, சிதைக்காதீர் என எச்சரிக்கும். அது தேவையே. எனினும் எச்சரிக்கை வேறு, விளக்கம் வேறு. செய்திகளை அடுக்குவது விளக்கமாகாது, காண்பவர் உள்ளத்தில் பொருள் விளங்கச் செய்வதே விளக்கம் என்று அமெரிக்க அறிஞர் ஃபிரீமன் டில்டன் 1957ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

நல்ல பலகை வாயிலோடு நின்றுவிடாது; காண வேண்டிய பொருளின் அருகே நிற்கும். இங்கு அதற்குரிய இடம் வடபுற அடித்தளம். மறைந்த விமானத்தின் கோட்டோவியம் ஒன்று, அதனடியில் ஐம்பது சொற்களுக்குள் தமிழ் விளக்கம் போதும். முதியோர் கண்ணாடியின்றியும் படிக்கும் பெரிய எழுத்து வேண்டும். வெயிலில் பளபளக்காத பரப்பு வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் காணத் தாழ்வாக, சற்றே சாய்ந்திருக்க வேண்டும். விமானத் தோற்றத்தை மறைத்தலாகாது; பழங்கல்லில் ஆணி அறைதல் அறவே கூடாது.

பேரப்பிள்ளைகளோடு செல்லும் பெரியோர், தாமே அப்பலகையின் பணியைச் செய்யலாம். சன்னதிகள் மேற்கு நோக்கியவை. அவற்றை நோக்கி நின்றால் வடக்கு இடப்புறம். அங்கே தெரியும் வெற்று அடித்தளத்தைக் காட்டுங்கள்; மூன்றாவது விமானம் நின்ற இடம் அது. பின்னர் நடு விமானத்தின் தென்சுவருக்கு அழைத்துச் சென்று, ஐம்பது தவசியர்க்குச் சோறிட்ட கதையைச் சொல்லுங்கள். குழந்தை எழுத்தறியாவிடினும் அக்கல்லை மறவாது.