பச்சைத் தண்ணீரில் பட்டினி கிடந்த சிப்பிகள்

வயலில் விதைத்தவர் யார் என்று கேட்டால் உடனே விடை சொல்லலாம். கடலில் விதைப்பவர் யார்? இடம்பெயர்ந்து கரையோரத்தில் குடியிருக்க நேர்ந்த விவசாயக் குடும்பங்கள் தோணிகளில் மீன் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். அந்த மீனுக்கும் அடியில் ஒரு பயிர் இருக்கிறது. நீரில் மிதந்து திரியும் நுண்ணிய தாவரங்களே அப்பயிர். இவற்றைத் தாவரப் பிளாந்தன் என்கிறோம்.

நெல்லைப் போலவே இவையும் வெயிலையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு உணவு ஆக்குகின்றன. உலகில் ஒளித்தொகுப்பால் உண்டாகும் உணவில் ஏறத்தாழப் பாதி கடலிலேயே ஆகிறது. ஆனால் நிறுத்துப் பார்த்தால், தரைத் தாவரங்களின் நிறையில் நூற்றில் ஒரு பங்குகூட இவை தேறா. பெருகும் வேகத்திலேயே தின்னப்பட்டும் விடுகின்றன. வைக்கோல் மிஞ்சாத பயிர் என்று சொல்லலாம்.

இவற்றுள் மிகச் சிறியவை வெகுகாலம் ஆராய்ச்சியாளரின் வலைக்கும் அகப்படவில்லை. 1994இல் பிரான்சின் தென்கரையிலுள்ள தோ களப்பில் ஒஸ்ரியோகொக்கஸ் என்னும் பச்சை உயிர் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரத்தை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றர் வராது! சிறிதாயிருப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. முழுக் கிழங்கைவிட நறுக்கிய துண்டுகளில் உப்பு விரைவில் ஏறுகிறதல்லவா? அதுபோல, உடலளவுக்கு மேற்பரப்பு அதிகமாகையால் சத்துக் குறைந்த நீரிலும் இவை பிழைத்துக்கொள்கின்றன.

அதே தோ களப்பில் கயிறுகளில் சிப்பி வளர்த்துப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 2018 கோடையில் நீர் சூடேறி, ஒட்சிசன் அற்று, சிப்பிகள் பெருந்தொகையாக இறந்தன. அழுகிய உடல்களின் சத்து நீரில் கலந்தது. தின்ன வேண்டிய சிப்பிகளும் குறைந்துவிட்டன. அந்த இலையுதிர் காலத்தில் களப்பு முழுவதும் பச்சையாயிற்று. பிக்கோகுளோரம் என்ற மற்றொரு நுண்ணுயிர் பெருகியிருந்தது.

உணவு இவ்வளவு இருந்தும் மிஞ்சிய சிப்பிகள் கொழுக்கவில்லை. சிப்பியின் பூ ஓர் அரிதட்டு. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் சிறியவை பெரும்பாலும் அதில் தங்காமல் ஒழுகிப்போகும். பிக்கோகுளோரம் அதில் பாதியளவும் இல்லை. வழமையாக இத்தகைய நுண்தாவரங்களைச் சற்றுப் பெரிய நுண்விலங்குகள் தின்னும். அவற்றைச் சிப்பி தின்னும். ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் சத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. தரகர் பலர் கைபட்ட மரக்கறியின் கதைதான்.

ஆகவே, களப்பில் இறாலோ சிப்பியோ வளர்க்க எண்ணுவோர் பச்சை நிறத்தைக் கண்டு மட்டும் நீரை மதிப்பிட வேண்டாம். அருகிலுள்ள வயல்களின் பசளை எந்த வாய்க்கால் வழியே வந்து சேருகிறது என்று விசாரியுங்கள். வெப்ப காலத்தில் விடியுமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவில் இத்தாவரங்களும் ஒட்சிசனை உட்கொள்வதால் அந்நேரத்தில்தான் அது மிகக் குறையும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால், அன்றைக்கே அறுவடை செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும்.