கிளித்தட்டும் கூழ்ப்பானையும்

விளையாட்டையும் உணவையும் ஒருசேர வைத்துப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வளர்ந்தவனுக்கோ அவ்விரண்டையும் பிரித்து நினைத்தல் எளிதன்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்களூர் வாசிகசாலைத் திண்ணையிற் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரேயுள்ள வெளியில் நான்கு சிறுவர்கள் நின்றனர். “கிளித்தட்டு விளையாடுவமா?” என்றான் ஒருவன். “ஆக்கள் காணாது” என்றான் மற்றவன். அத்துடன் பேச்சு முடிந்தது. நால்வரும் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்து குந்திவிட்டனர்.

கிளித்தட்டுக்குப் பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காசும் வேண்டாம். நிலத்தில் நெடுக ஒரு கோடும் குறுக்கே சில கோடுகளும் கீறினாற் போதும். குறுக்குக் கோடுகளை மறிப்போர் தத்தம் கோட்டைவிட்டு விலகலாகாது. ‘கிளி’ மட்டும் நடுக்கோட்டிலும் ஓடித் திரியலாம். அவர்கள் கை படாமல் எதிரணியினர் கடைசிக் கோட்டைக் கடந்து மீள வேண்டும். இவ்வாட்டத்துக்கு வேண்டிய முதல் ஆட்பலம் ஒன்றே. 1904 ஆம் ஆண்டிலே தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெட் போட்டியை இன்றும் திரளாகச் சென்று பார்க்கிறோம். பார்ப்பதற்கு ஆளுண்டு, ஆடுவதற்குத்தான் காணாது.

ஒடியற் கூழும் இத்தகையதே. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அதன் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பையும் நச்சுத்தன்மையையும் போக்குவர். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியன வெந்த பானையிலே, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் கூட்டி, அம்மாவைக் கரைத்து விடுவர். கடலுக்குப் போனவர் நண்டு தருவார். வேலியில் முருங்கை நிற்பவர் இலை தருவார். பிலாவிலையைக் கோலிச் சுடச்சுடக் குடிப்போம். தமக்கென்று தனியே கூழ் காய்ச்சிக் குடித்தவரை நான் கண்டதில்லை.

இவ்வாறு எழுதும்போது பழமைக்குப் பொன்முலாம் பூசும் ஆசை எழுகிறது. அது நேர்மையன்று. அக்காலத்துக் கூழ்ப்பானையைச் சுற்றி எல்லாரும் சமமாக இருந்தனரா? தேநீர்க் கடையிலும் குவளை பார்த்த சமூகம் எமது. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. எங்கள் பெண்பிள்ளைகளோ கிளித்தட்டைப் படலைக்குள் நின்று பார்த்தார்களேயன்றி வெளியில் இறங்கியதில்லை. ஆட்கள் மலிந்திருந்த காலத்தில் இன்னார் வேண்டாம் என்று தள்ளிவைக்க எமக்குத் துணிவிருந்தது.

இன்று அந்த மலிவு இல்லை. 1983 இன் பின் கடல் கடந்தோர் பலர்; 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து திரும்பாதோர் பலர்; 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே கடவுச்சீட்டுக்காக வரிசையில் நின்றோர் பலர். போனவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருப்பவர்கள் என் செய்வது என்பதே கேள்வி.

அன்று மாலை அதற்கு ஒரு சிறு விடை கிடைத்தது. என்னருகே இருந்த இளைப்பாறிய உபாத்தியாயர் பத்திரிகையை மடித்து வைத்தார். “தம்பிமாரே, நாங்களும் வாறம்” என்று சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் தொடர்ந்தேன். சைக்கிளில் வந்த சிறுமியர் இருவரை அவரே அழைத்தார். எட்டுப் பேர், பக்கத்துக்கு நால்வர். முன்பு நாங்கள் கீறிய அளவுக்கு இத்தொகை போதாது. உபாத்தியாயர் தடியெடுத்துக் குறுக்குக் கோடுகளைக் குறைத்துக் கீறினார். ஆள் குறைந்தாற் கோட்டைக் குறைக்கலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளியாக நின்ற சிறுமி என்னை இருமுறை தொட்டுவிட்டாள்.

இருள் கவியும்வரை ஆடினோம். அடுத்த ஞாயிறு அங்கேயே கூழ் காய்ச்சுவதென்று பேச்சு வந்தது. ஒடியல் மா உபாத்தியாயர் பொறுப்பு. முருங்கையிலை எங்கள் வீட்டில் உண்டு. நண்டு தருவதற்குத்தான் ஒருவரும் அகப்படவில்லை. மரவள்ளிக்கிழங்கைச் சற்றுக் கூடப் போடுவதென்று முடிவாயிற்று.